தொடாம வாசிக்கிற வாத்தியமும் அதைச் செஞ்ச மனுஷனும்

போன செமஸ்டர் நம்ம டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு வந்தவங்களுக்கு அந்த மூலை ஸ்டால் ஞாபகம் இருக்கும். ஒரு பிரெட்போர்டு, அதுல ஒரு 555 ஐ.சி., ஒரு எல்.டி.ஆர்., பழைய கம்ப்யூட்டர்ல இருந்து கழட்டின குட்டி ஸ்பீக்கர். எல்.டி.ஆர். மேல கையைக் கொண்டு போனா 'கூய்ங்'னு ஒரு சத்தம் ஏறும், எடுத்தா இறங்கும். சார்ட் பேப்பர்ல பெருசா 'தெரமின்'னு எழுதி ஒட்டியிருந்தாங்க. ஜட்ஜா வந்தவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். தெரமின்னா என்னப்பா? ஸ்டால்ல நின்ன மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தாங்க. அந்த மூணு பேர்ல நானும் ஒருத்தன்.

அது ஒரு மனுஷனோட பேர். அன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல்ல உட்கார்ந்து தேட ஆரம்பிச்சேன், விடிஞ்சுடுச்சு. நீங்க எலக்ட்ரானிக்ஸ் படிக்கலைன்னாலும் இந்த ஆளோட கதை உங்களைத் தூங்க விடாது. அதுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முழுப் பெயர் லெவ் செர்கேயெவிச் தெர்மென். மேற்கு நாடுகளுக்குப் போனப்புறம் அது லியோன் தெரமின் ஆச்சு. 1896-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் பிறந்தார். சின்ன வயசிலேயே செல்லோ வாசிக்கக் கற்றுக்கொண்டார். இன்னொரு பக்கம் இயற்பியல். இரண்டையும் விடவில்லை. பல்கலைக்கழகத்தில் இயற்பியலும், இசைக் கல்லூரியில் செல்லோவும் படித்தார். முதல் உலகப்போர் நேரத்தில் ராணுவத்தில் ரேடியோ வேலை. புரட்சி முடிந்து, உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில், பெட்ரோகிராடில் ஆப்ராம் யோஃபே என்கிற பெரிய இயற்பியல் விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார்.

அங்கே அவருக்குக் கொடுத்த வேலைக்கும் இசைக்கும் சம்பந்தமே இல்லை. வாயுக்களின் மின்காப்புத் தன்மை, அதாவது நம்ம ஃபிசிக்ஸ் லேப்ல டைஎலக்ட்ரிக் கான்ஸ்டன்ட்னு படிக்கிறோமே, அது வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் எப்படி மாறுதுன்னு அளக்கணும். ஒரு கெபாசிடரின் தகடுகளுக்கு நடுவில் வாயு. அந்தக் கெபாசிடர் ஒரு ஆசிலேட்டரோட பகுதி. வாயு கொஞ்சம் மாறினால் அதிர்வெண் கொஞ்சம் மாறும். அந்தச் சின்ன மாற்றத்தைப் பிடிக்கத்தான் அவர் ஒரு வழி செய்தார், ஹெட்போனையும் மாட்டிக் காதால் கேட்டார். கருவி பக்கத்தில் கையை அசைத்தபோது ஹெட்போனில் சுருதி மாறியது. இன்னொருத்தரா இருந்தா, அளவு தப்பா வருதுன்னு கையைத் தள்ளி வெச்சுக்கிட்டு வேலையைத் தொடர்ந்திருப்பார். இவர் செல்லோக்காரர். கையை வேணும்னே அசைத்து, தனக்குத் தெரிந்த மெட்டுகளை அந்த அளவுக் கருவியில் வாசித்துப் பார்த்தார். 1920 வாக்கில் அது ஒரு வாத்தியமாகவே ஆகிவிட்டது.

இந்த இடத்துல கொஞ்சம் நிக்கணும். அவர் செய்த வேலையின் அழகு இங்கேதான் இருக்கு.

உங்க கையும் ஒரு ஆண்டெனாவும் சேர்ந்தா ஒரு கெபாசிடர். ஆனா ரொம்ப ரொம்பச் சின்னக் கெபாசிடர், ஒரு பிகோஃபாரட்கூடத் தேறாது. காதுக்குக் கேட்கிற 440 ஹெர்ட்ஸ்ல ஓடுற ஒரு ஆசிலேட்டர்ல நேரடியா இதைச் சேர்த்தா என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது. 440 போய் 439 ஆகும், அவ்வளவுதான். பக்கத்துல இருக்கிறவனுக்கு வித்தியாசமே தெரியாது.

தெரமின் இரண்டு ஆசிலேட்டர்களை எடுத்துக்கொண்டார். இரண்டுமே காதுக்கு எட்டாத ரேடியோ அதிர்வெண்ணில் ஓடும். கணக்குக்கு வசதியா 2,00,000 ஹெர்ட்ஸ்னு வெச்சுக்கோங்க. ஒன்று மாறாமல் அப்படியே நிற்கும். இன்னொன்றில் ஆண்டெனா. கை கிட்டே வந்தால் கெபாசிடன்ஸ் கூடும், அதிர்வெண் 1,99,560-க்கு இறங்கும். மாற்றம் வெறும் 0.22 சதவீதம். இப்போ இரண்டையும் கலக்கி, வித்தியாசத்தை மட்டும் பிரித்தெடுங்க. 440 ஹெர்ட்ஸ். சைபர்ல இருந்து 440! கண்ணுக்குத் தெரியாத ஒரு நகர்வு முழு ஸ்வரமா வெளியே வருது. கம்யூனிகேஷன் தியரி பேப்பர்ல பீட் ஃப்ரீக்வென்சி, ஹெட்டரோடைன்னு மார்க்குக்காக மனப்பாடம் பண்ணினோமே, அதேதான். அதை வெச்சு ஒருத்தர் பாட்டு வாசிச்சார்னு யாராவது வகுப்புல சொல்லியிருந்தா எனக்கு அந்த யூனிட் மறந்திருக்காது.

வலது கைக்கு நிமிர்ந்து நிற்கும் ஒரு கம்பி, அது சுருதிக்கு. இடது கைக்கு வளையம் போல ஒரு ஆண்டெனா, அது சத்தத்தின் அளவுக்கு. கையை வளையத்துக்குக் கிட்டே கொண்டு போனால் சத்தம் அடங்கும், தூக்கினால் வளரும். தொடுவதற்கு எதுவுமே இல்லை. இப்போ புரியுதா, எங்க ஸ்டால்ல இருந்தது தெரமினே இல்லைன்னு? எல்.டி.ஆர்.ல விழுற நிழலை வெச்சுச் சத்தம் மாத்துறது வேற சமாச்சாரம். அல்ட்ராசானிக் சென்சார், ஆர்டுயினோ வெச்சுச் செய்றதும் வேற. தெரமின்ல உங்க உடம்பே சர்க்யூட்டோட ஒரு பாகம்.

இதே கருவியில் ஸ்பீக்கருக்குப் பதிலாக ஒரு மணியை மாட்டினால்? யாராவது கிட்டே வந்தால் மணி அடிக்கும், திருடனைப் பிடிக்கலாம். தெரமின் அதையும் செய்தார். 1922-ல் கிரெம்ளினுக்கு லெனினைப் பார்க்கப் போனபோது இரண்டையுமே கொண்டுபோனார். வாத்தியத்தை வாசித்துக் காட்டினார். லெனினும் வாசித்துப் பார்க்க ஆசைப்பட, தெரமின் பின்னால் நின்று அவர் கைகளைப் பிடித்து நகர்த்தினாராம். கொஞ்ச நேரத்தில் லெனின் தானாகவே வாசித்து முடித்தார் என்பது தெரமின் பிற்காலத்தில் சொன்ன கதை. மின்சாரத்தை நாடு முழுக்கக் கொண்டுபோவது லெனினின் பெரிய கனவு. மின்சாரத்தால் பாடுகிற ஒரு பெட்டியைவிட நல்ல விளம்பரம் அதற்கு எங்கே கிடைக்கும்? ரயிலில் இலவசமாகப் பயணம் செய்ய அனுமதிச் சீட்டு கொடுத்து, ஊர் ஊராகப் போய் வாசித்துக் காட்டச் சொன்னார்.

வாத்தியம் ஒரு கையில், காவல் கருவி இன்னொரு கையில். இந்த ஜோடியை மனசுல வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

நடுவில் இயந்திரத் தொலைக்காட்சி ஒன்றையும் செய்து 1926-ல் காட்டினார். அது தனிக் கட்டுரைக்கான விஷயம், தாண்டிப் போறேன்.

1927-ல் சோவியத் அரசு அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. ஃபிராங்க்ஃபர்ட், பெர்லின், பாரிஸ், லண்டன். போன இடமெல்லாம் கூட்டம். காற்றில் கையை அசைத்தால் இசை வருகிறது என்பது அன்றைக்கு மந்திரம் மாதிரி. அந்த வருஷக் கடைசியில் நியூயார்க்குக்குக் கப்பல் ஏறினார். 1928-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. ரேடியோ செய்கிற ஆர்.சி.ஏ. கம்பெனி உரிமையை வாங்கி, 1929-ல் வீட்டில் வைத்து வாசிக்கிற தெரமின்களைக் கடைக்குக் கொண்டுவந்தது. யார் வேண்டுமானாலும் சுலபமாக வாசிக்கலாம் என்பதுதான் விளம்பரத்தின் சாரம்.

சுத்தப் பொய். வீணையில் மெட்டு உண்டு, புல்லாங்குழலில் துளை உண்டு. எதுவும் இல்லாத வயலினில்கூடத் தந்தி விரலுக்குத் தட்டுப்படும். தெரமினில் விரலுக்கு ஆதாரமே கிடையாது. ஸ்வரம் காற்றில் எங்கேயோ இருக்கிறது, காதால்தான் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். மூச்சு விட்டால் சுருதி நகரும். பக்கத்தில் ஒருவர் நடந்து போனால் நகரும். கம்பிக்கு அருகே போகப் போக ஸ்வரங்கள் நெருங்கிக்கொண்டே போகும். வாங்கின ஆட்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்தால் பூனைச் சண்டைதான் கேட்டிருக்கும். அந்த வருஷ அக்டோபரிலேயே பங்குச் சந்தை வேறு கவிழ்ந்தது. சுமார் 500 கருவிகளோடு கதை முடிந்தது.

ஆனாலும் தெரமின் நியூயார்க்கில் தங்கிவிட்டார். மன்ஹாட்டனில் 54-ஆவது தெருவில் ஒரு வீடு, அதில் ஸ்டூடியோ. அந்தப் பத்து வருஷத்தில் அவர் செய்து தள்ளிய கருவிகளைப் பார்த்தால், நம்ம ஊர்ல ஒரு மினி புராஜெக்ட்டுக்கு டைட்டில் கிடைக்கலைன்னு புலம்புறதுக்கு வெட்கமா இருக்கு. ஹென்றி கவல் என்கிற இசையமைப்பாளர், மனிதக் கைகளால் வாசிக்க முடியாத தாளக் கலவைகளை வாசிக்க ஒரு இயந்திரம் கேட்டார். தெரமின் 'ரித்மிகான்' செய்தார். சுழலும் தட்டுகளில் துளைகள், ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் ஒளியை உணரும் செல். ஒரு சாவியை அழுத்தினால் ஒரு தாளம், இன்னொன்றை அழுத்தினால் அதே நேரத்தில் இரண்டு மடங்கு, அடுத்தது மூன்று மடங்கு, இப்படி 16 வரைக்கும். ஒவ்வொன்றின் சுருதியும் அதே விகிதத்தில் ஏறும். இன்றைக்கு நாம் டிரம் மெஷின் என்று சொல்வதற்கு முப்பாட்டன்.

அப்புறம் 'டெர்ப்சிடோன்'. இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. தரையில் ஒரு மேடை, அதற்குக் கீழே உலோகத் தகடு ஆண்டெனாவாக. மேலே நாட்டியக்காரர் ஆடுவார், உடல் எழுந்து தாழ்வதற்கு ஏற்ப ஸ்வரம் மாறும். பாட்டுக்கு ஆடுவதற்குப் பதிலாக ஆட்டமே பாட்டாகிவிடும். கேட்க ஜோராக இருக்கிறது, ஆனால் சுருதி தப்பாமல் அதில் ஆடுகிற ஆள் கிடைப்பதுதான் பாடு.

அந்தப் பாட்டுக்கு ஈடுகொடுத்த ஒருவர் இருந்தார். கிளாரா ரெய்சன்பெர்க். லிதுவேனியாவின் வில்னியஸில் 1911-ல் பிறந்தவர், வயலின் மேதைக் குழந்தை. குழந்தைப் பருவத்திலேயே செயின்ட் பீட்டர்ஸ்பர்க் இசைக் கல்லூரியில் சேர்க்கப்பட்டவர். அமெரிக்கா வந்தபிறகு, வில் பிடிக்கிற கை ஒத்துழைக்காமல் போய், வயலினை விட வேண்டிவந்தது. எல்லாம் முடிந்தது என்கிற நேரத்தில் தெரமினின் வாத்தியம் கண்ணில் பட்டது. வில்லும் வேண்டாம், தந்தியும் வேண்டாம், துல்லியமான காது போதும். அது அவரிடம் இருந்தது.

கிளாராதான் இந்த வாத்தியத்துக்கு விரல் முறை என்று ஒன்றை உண்டாக்கினார். மொத்தக் கையையும் இழுத்து அலையவிடாமல், விரல்களை மடக்கி நீட்டி ஒவ்வொரு ஸ்வரமாக நிறுத்தினார். கருவியில் என்னென்ன போதவில்லை என்று தெரமினிடம் பட்டியல் போட்டுக் கேட்டதும் அவர்தான். மூன்று ஸ்தாயி போதாது, ஐந்து வேண்டும். சத்தத்தை நிறுத்தும் வளையம் இன்னும் வேகமாக வேலை செய்யவேண்டும், அப்போதுதான் ஸ்வரங்களை விட்டுவிட்டு வாசிக்க முடியும். தெரமின் அவருக்காகவே தனியாக ஒன்று செய்துகொடுத்தார். செய்பவரும் வாசிப்பவரும் இப்படி எதிரெதிரே உட்கார்ந்து பேசினால்தான் ஒரு கருவி பொம்மை நிலையைத் தாண்டும்னு எனக்குத் தோணுது.

தெரமினுக்கு அவர்மேல் காதல். கிளாராவின் 18-ஆவது பிறந்தநாளுக்கு ஒரு கேக் செய்துவந்தார். கிளாரா பக்கத்தில் போனதும் கேக் சுற்ற ஆரம்பித்து, மேலே விளக்கு எரிந்தது. அதே கெபாசிடர் வேலைதான். இதைவிட எலக்ட்ரானிக்ஸ்காரத்தனமா ஒருத்தர் ஆசையைச் சொல்ல முடியாது. பலமுறை கேட்டும் கிளாரா சம்மதிக்கவில்லை. ராபர்ட் ராக்மோர் என்கிற வழக்கறிஞரை மணந்து, கிளாரா ராக்மோர் என்ற பெயரில் உலகத்தின் முதல் பெரிய தெரமின் கலைஞர் ஆனார்.

தெரமின் பிறகு லவினியா வில்லியம்ஸ் என்கிற கறுப்பின நாட்டியக் கலைஞரை மணந்தார். அன்றைய அமெரிக்காவில் வெள்ளைக்காரர் ஒருவர் கறுப்பினப் பெண்ணைத் திருமணம் செய்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. ஸ்டூடியோவுக்கு வந்துபோன பணக்கார நண்பர்களில் பலர் காணாமல் போனார்கள். கடன் ஏற்கெனவே கழுத்துவரை இருந்தது. இன்னொரு பக்கம், அமெரிக்காவில் இருந்த காலம் முழுக்கச் சோவியத் உளவுக்காரர்களைச் சந்தித்துத் தகவல் சொல்லிக்கொண்டிருந்ததாக அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். வாத்தியக்காரர், வியாபாரி, தகவல் சொல்பவர் எல்லாம் ஒரே ஆள்தான்.

1938-ல் ஒருநாள் அவர் நியூயார்க்கில் இல்லை. கடத்திக்கொண்டு போனார்கள் என்று பலர் நம்பினார்கள். கடனும் ஊர் ஞாபகமும் சேர்ந்து அவராகவே சோவியத் கப்பலில் ஏறினார் என்று இன்னொரு பக்கம் சொல்கிறது, அவர் சொன்னதும் அதுதான். லவினியா பின்னாலேயே வரலாம் என்று பேச்சு. வரவே முடியவில்லை. இருவரும் அதன்பிறகு சந்திக்கவே இல்லை.

அவர் திரும்பிப்போன நாடு, விட்டுவந்த நாடாக இல்லை. ஸ்டாலினின் களையெடுப்பு நடந்துகொண்டிருந்தது. பத்து வருஷம் அமெரிக்காவில் இருந்த ஒரு ஆளைச் சந்தேகிக்கக் காரணமா வேண்டும்? 1939-ல் கைது. எட்டு வருஷத் தண்டனை. சைபீரியாவின் கோலிமா தங்கச் சுரங்கப் பகுதிக்கு அனுப்பினார்கள். அங்கே போனவர்களில் திரும்பாதவர்கள் ஏராளம். மேற்கில் அவர் செத்துவிட்டதாகவே பேச்சு பரவி, அதையே எல்லோரும் நம்பியும் விட்டார்கள்.

அவரைக் காப்பாற்றியது அவருடைய படிப்பு. சிறைப்பட்ட விஞ்ஞானிகளையும் பொறியாளர்களையும் ஒரே இடத்தில் அடைத்து, பூட்டிய கதவுக்குள் ஆராய்ச்சி செய்யவைக்கும் முறை ஒன்று சோவியத்தில் இருந்தது. ஷராஷ்கா என்பார்கள். விமானம் வடிவமைக்கும் டுபொலேவ் கைதியாக இருந்தபடியே விமானம் வடிவமைத்தார். பிற்காலத்தில் சோவியத்தின் விண்வெளித் திட்டத்தையே நடத்திய கொரொலேவ் அங்கே இருந்தார். கோலிமாவில் இருந்து தெரமினும் அந்த வட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டார். சாப்பாடு உண்டு, கட்டில் உண்டு. என்ன செய்யவேண்டும் என்பதை மட்டும் வேறு யாரோ முடிவு செய்வார்கள்.

அங்கே அவர் செய்ததுதான் இசைப் பக்கம் போகாதவர்களுக்கும் தெரிந்த கருவி.

1945 ஆகஸ்ட். போர் முடிகிற நேரம். மாஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதர் ஆவரெல் ஹாரிமனுக்குச் சோவியத் பள்ளிப் பிள்ளைகள் ஒரு பரிசு கொடுத்தார்கள். மரத்தில் செதுக்கிய அமெரிக்க அரசு முத்திரை, அழகான கழுகு. நட்பின் அடையாளம் ஆச்சே, தூதர் வீட்டிலேயே சுவரில் மாட்டினார்கள். ஏழு வருஷம் அது அங்கேயே தொங்கியது. தூதர்கள் மாறினார்கள், கழுகு மாறவில்லை.

கழுகுக்குள்ளே ஒரு சின்ன உலோக உருளை. அதன் ஒரு பக்கம் மெல்லிய சவ்வு, கூடவே ஒரு ஆண்டெனாக் கம்பி. பாட்டரி கிடையாது. வயர் கிடையாது. டிரான்சிஸ்டர், வால்வு எதுவும் கிடையாது. சும்மா இருக்கிறபோது அது ஒரு இரும்புத் துண்டுக்குச் சமம், எந்தச் சோதனைக் கருவியிலும் மாட்டாது. வெளியே இருந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ரேடியோ அலையை அதன்மேல் பாய்ச்சினால் உயிர் வரும். அறையில் யாராவது பேசினால் சவ்வு அதிரும். சவ்வுக்கும் உள்ளே இருக்கும் உலோகப் பகுதிக்கும் நடுவே இடைவெளி மாறும். அதாவது கெபாசிடன்ஸ் மாறும். திரும்பிப்போகிற அலையில் பேச்சு ஏறிக்கொண்டு போகும்.

எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? முதல் கருவியில் கை அசைந்தது, இங்கே குரல் அசைக்கிறது. முதலாவது, வாசிப்பவர் மனசில் இருப்பதை ஊருக்குச் சொன்னது. இரண்டாவது, பேசுபவருக்கே தெரியாமல் பேச்சைத் திருடியது. நடுவில் இருப்பது அதே கெபாசிடர், அதே மூளை. இன்றைக்கு மெட்ரோ கார்டிலும் லைப்ரரி புத்தகத்திலும் இருக்கிற ஆர்.எஃப்.ஐ.டி. சிப்புக்கு இதை முன்னோடியாகச் சொல்கிறார்கள். கார்டுலயும் பாட்டரி இல்லைங்கிறதைக் கவனிச்சிருப்பீங்க.

1952-ல்தான் அமெரிக்கர்கள் கண்டுபிடித்தார்கள். பிரித்துப் பார்த்தும் எப்படி வேலை செய்கிறது என்று உடனே புரியவில்லை, பிரிட்டிஷ் நிபுணர்களின் உதவி தேவைப்பட்டது. என்ன பெயர் வைப்பது என்றும் தெரியாமல், 'அந்தப் பொருள்' என்றே அழைத்தார்கள். 1960-ல் அமெரிக்க உளவு விமானம் சோவியத்தில் சுட்டு வீழ்த்தப்பட்ட சர்ச்சை ஐ.நா.வுக்கு வந்தபோது, நீங்களும்தானே வேவு பார்த்தீர்கள் என்று காட்ட, அமெரிக்கா அந்தக் கழுகைச் சபையில் எடுத்து வைத்தது. யார் செய்தது என்று அப்போது வெளியே யாருக்கும் தெரியாது.

'புரான்' என்று இன்னொன்றும் செய்தார். ஜன்னல் கண்ணாடிமேல் அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சி, அறைக்குள் பேசும்போது கண்ணாடி அதிர்வதைத் தூரத்தில் இருந்தே படித்துப் பேச்சைக் கேட்கும் கருவி. இந்த வேலைகளுக்காக 1947-ல் அவருக்கு ஸ்டாலின் பரிசு கிடைத்தது, வெளியே தெரியாமல். சிறையில் போட்ட ஆட்சியே பரிசும் கொடுத்தது. அதே வருஷம் விடுதலை.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லணும். விடுதலையான பிறகும் அவர் அந்த உளவு ஆய்வுக்கூட வேலையை விடவில்லை, 1960-கள் வரைக்கும் தொடர்ந்தார். முதல் எட்டு வருஷம் கட்டாயம், சரி. அப்புறம்? வேறு வேலை யார் கொடுத்திருப்பார்கள் என்று கேட்கலாம். மாட்டேன் என்றால் மறுபடி கோலிமாவா என்ற பயம் இருந்திருக்கலாம். சிக்கலான பிரச்சினையும் நல்ல லேபும் கிடைத்தால் எதற்கு என்று கேட்காத ஆளாகவும் இருந்திருக்கலாம். லெனின் கிட்ட வாத்தியத்தையும் திருடன் மணியையும் ஒரே பையில் எடுத்துப்போன ஆள்தானே. படித்து முடித்தும் எனக்கு இந்த இடம் நெருடுது. பிளேஸ்மென்ட் பேச்சு ஓடுற இந்த நேரத்துல கொஞ்சம் அதிகமாவே நெருடுது.

சரி, இவர் பூட்டின கதவுக்குள்ள இருந்த நேரத்துல வாத்தியம் என்ன ஆச்சு? ஹாலிவுட்டுக்குப் போனது. 1945-ல் ஹிட்ச்காக்கின் 'ஸ்பெல்பவுண்ட்' படத்தில் மனக்குழப்பத்துக்கான ஒலியாக வந்தது. 1951-ல் வந்த 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்' படத்துக்கு அப்புறம் வேற்றுக்கிரகவாசி என்றாலே அந்த ஊளைதான். இரண்டிலும் வாசித்தவர் சாமுவேல் ஹாஃப்மன், பாத வைத்தியர்! பகலில் கால் வைத்தியம், சாயங்காலம் தெரமின். இன்னொண்ணு, பீச் பாய்ஸோட 'குட் வைப்ரேஷன்ஸ்' பாட்டுல வர்றது தெரமின்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அது அதே மாதிரி சத்தம் போடுற, கையால நகர்த்துற வேற கருவி.

நமக்கு இன்னும் நெருக்கமான கிளை ஒன்று இருக்கு. 1949-ல் நியூயார்க்கில் 14, 15 வயசுப் பையன் ஒருவன் பொழுதுபோக்கு எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகையில் வந்த வரைபடத்தைப் பார்த்துத் தெரமின் செய்தான். 1954-ல் தன் சொந்த வடிவமைப்பை ஒரு பத்திரிகையில் எழுதினான். அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே தெரமின் செய்து விற்க ஆரம்பித்தான். 1960-களின் தொடக்கத்தில், நாமே சால்டர் பண்ணிக்கொள்கிற கிட்டாகப் பெட்டி போட்டு விற்றான். அந்த வருமானம் கார்னெல் பல்கலைக்கழகப் படிப்புக்கு உதவியது. பையனின் பெயர் ராபர்ட் மூக். 1964-ல் மூக் சிந்தசைசர் வந்தது, அதன்பிறகு பாட்டின் சத்தமே மாறிப்போனது. மூக் கடைசிவரைக்கும் தன்னுடைய எல்லாமே தெரமினில் இருந்து தொடங்கியது என்பதை மறைத்ததில்லை.

நீங்களும் செஞ்சு பார்க்கணும்னா, நாங்க அடிபட்டுக் கத்துக்கிட்டதைச் சொல்றேன். இரண்டு எல்.சி. ஆசிலேட்டர், ஒரு டையோடு மிக்சர், ஒரு லோ பாஸ் ஃபில்டர், ஒரு ஆம்ப். ஆண்டெனாவுக்குச் செப்புக் குழாய் போதும், குடைக் கம்பிகூட ஓடும். பிரெட்போர்டு மட்டும் வேண்டாம், அதோட சொந்தக் கெபாசிடன்ஸே உங்க கையைவிட அதிகம். இரண்டு ஆசிலேட்டரையும் தள்ளித் தள்ளி வையுங்க. கிட்ட வெச்சா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு ஒரே அதிர்வெண்ணுக்குப் போயிடும், கீழ் ஸ்வரங்கள் எல்லாம் விழுங்கப்பட்டு திடீர்னு நடுவுலதான் சத்தம் ஆரம்பிக்கும். எங்களுக்கு இது புரியவே நாலு நாள் ஆச்சு. எர்த் கனெக்ஷன் ஒழுங்கா கொடுங்க. டியூன் பண்ணும்போது ரூம்மேட்டை வெளியே அனுப்பிடுங்க, அவன் நகர்ந்தாலும் சுருதி நகரும்.

தெரமின் கதைக்கு வர்றேன். 1960-களில் ஒருவழியாக மாஸ்கோ இசைக் கல்லூரியின் ஒலியியல் பிரிவில் சேர்ந்து, மறுபடி வாத்தியங்கள் செய்ய ஆரம்பித்தார். 1962-ல் மாஸ்கோ வந்த கிளாரா அவரைச் சந்தித்தார். 1967-ல் நியூயார்க் டைம்ஸின் இசை விமர்சகர் ஹரால்ட் ஷோன்பெர்க் அங்கே போனபோது, செத்துப்போனதாக நினைத்த ஆள் உயிரோடு வேலை செய்துகொண்டிருந்ததைப் பார்த்து எழுதிவிட்டார். அவர் நல்லதுக்குத்தான் எழுதினார். அது மாஸ்கோவுக்குத் திரும்பி வந்து மேலிடத்தின் கண்ணில் பட்டதும் தெரமினின் வேலை போனது. கருவிகளைத் தூக்கி வெளியே எறிந்தார்கள். எழுபது வயசைத் தாண்டின மனுஷன். பிறகு மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் ஒரு சாதாரண வேலை கிடைத்தது.

அங்கேயிருந்தும் விடவில்லை. உறவுக்காரச் சிறுமி லிடியா கவினாவுக்கு ஒன்பது வயசில் இருந்து தெரமின் சொல்லிக்கொடுத்தார். இன்று உலகின் முக்கியமான தெரமின் கலைஞர்களில் அவர் ஒருவர்.

1989-ல், 50 வருஷத்துக்கு மேல் கழித்து, முதல் முறையாக வெளிநாடு போக விட்டார்கள். பிரான்சில் நடந்த இசை விழாவுக்குப் போனார். 1991-ல் அமெரிக்கா. நடுவில் இன்னொரு விசித்திரம்: அந்த வருஷம்தான், 94 வயசில், கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினராகச் சேர்ந்தார். லெனினுக்குக் கொடுத்த வாக்காம். சேர்ந்த சில மாதங்களில் கட்சியும் போனது, நாடும் போனது.

அமெரிக்காவில் ஸ்டீவன் மார்ட்டின் என்பவர் அவரைப் பற்றிய ஆவணப்படத்துக்காகக் கேமராவோடு கூடவே இருந்தார். நியூயார்க்கில் தன் பழைய தெருக்களில் நடந்தார் தெரமின். கிளாராவின் வீட்டுக்குப் போனார். அவருக்கு 95, கிளாராவுக்கு 80. கிளாராவின் வீட்டில், 1930-களில் தெரமின் தன் கையால் செய்துகொடுத்த அந்தக் கருவி இன்னும் இருந்தது.

1993 நவம்பர் 3-ல் மாஸ்கோவில் காலமானார். வயது 97.

கிளாராவின் இசைத்தட்டு ஒன்று 1977-ல் வந்தது, தயாரித்தவர் ராபர்ட் மூக்கேதான். அதில் செயின்ட்-சான்ஸின் 'தி ஸ்வான்' இருக்கு. செல்லோவுக்காக எழுதின பாட்டு, செல்லோக்காரர் செஞ்ச கருவியில, வயலினை இழந்த ஒருத்தர் வாசிச்சது. நல்ல ஹெட்போன் போட்டு, ராத்திரி லைட்டை அணைச்சிட்டுக் கேளுங்க. நாலாவது தடவை கேட்கும்போதுதான் எனக்கு உறைச்சது, அந்த வாத்தியத்தை கிளாரா தொடவே இல்லைன்னு.